கோயில் திறந்தாச்சு

காட்பாடி,
9 செப்டம்பர் 2020

அன்புள்ள நண்பனுக்கு,

கொரோனாவால் பம்பாயில் உங்கள் தேவாலயம் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கே 1ஆம் தேதியிலிருந்து திறக்கலாம் என்று அரசு சொல்லிவிட்டது. ஆகஸ்ட் முழுக்க இருந்த ஞாயிறு ஊரடங்கையும் எடுத்துவிட்டார்கள். ஆக, 6ஆம் தேதிதான் எங்களுக்கு முதல் ஞாயிறு பூசை.

மார்ச் 21 அன்று நம் வேலூர் ஆயர் (பிஷப்) சௌந்தரராஜு ஆண்டகை இறந்தது உனக்குத் தெரியும். மறுநாளே ஜனதா ஊரடங்கு. குருத்து ஞாயிறு, பெரிய வெள்ளி, பாஸ்கா (ஈஸ்டர்) எல்லாம் மாதா டிவியில்தான். பாத்திரம் கழுவிக்கொண்டே பூசை பார்க்கலாம் என்பது என் வீட்டுக்காரிக்குப் பழகிவிட்டது. எனக்குப் பழகவேயில்லை.

திறப்பதற்கு முந்தைய வாரம் பங்குப்பேரவையில் ஒரே வாக்குவாதம். தரையில் ஆறடிக்கு ஒரு வட்டம் பெயின்டில் போட்டோம். பொதுப்பாய் கூடாது, அவரவர் பாய் அவரவர் கொண்டுவர வேண்டும். தீர்த்தத்தொட்டி காலி. காணிக்கைத் தட்டு சுற்றி வராது, வாசலில் உண்டியல். பாடகர் குழுவும் கிடையாது, பதிவுசெய்த பாட்டுதான். இதில் ஆர்மோனியக்காரர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும் நீ! பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்வதில் மட்டும் மாற்றமே தேவைப்படவில்லை, நாம்தான் எப்போதும் கைகூப்புகிறவர்கள் ஆயிற்றே.

இடம் பாதியாகக் குறைந்ததால், எந்தப் பூசைக்கு எந்த அன்பியம் (அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக்குழு) வருவது என்று முறை வைத்தோம். சண்டை அதில் இல்லை, வயதில்தான் வந்தது. 65க்கு மேற்பட்டவர்களும் பத்து வயதுக்குட்பட்டவர்களும் வீட்டிலேயே இருப்பது நல்லது என்பது ஜூன் மாதமே மத்திய அரசு சொன்னது. நியாயமான பேச்சுதான், மறுக்கவில்லை. ஆனால் வாரநாள் காலைப் பூசைக்கு வருகிறவர்கள் யார், சொல்லு? இந்த ஐந்து மாதமும் பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று செபமாலை சொன்னது யார்? எல்லாம் அந்தப் பாட்டிமார்தான். கிறிஸ்துமஸுக்கு மட்டும் தலைகாட்டுகிறவனுக்கு வட்டம் உண்டு, அவர்களுக்கு இல்லையா என்று கேட்டேன். பங்குத்தந்தை கோபப்படவில்லை. "அவங்களை வரவழைச்சு நோய் கொடுக்கிறதைவிட, நாம அவங்க வீட்டுக்குப் போவோமே" என்றார். இப்போது சனிக்கிழமை தோறும் தெருத்தெருவாக வீட்டு வாசலிலேயே நற்கருணை, பூசையில் தரும் அந்த அப்பம். உள்ளே போவதில்லை, காபி வாங்குவதில்லை. ஞாயிறு பூசைக் கடமையிலிருந்து விலக்கும் உண்டு என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வருகிறார். அப்படியும் சிலருக்கு மனசு ஆறவில்லை.

நாவில்தான் வாங்குவேன், கையில் வாங்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்களும் உண்டு. அவர்களிடம் ஃபாதர் பொறுமையாகப் பேசிக்கொண்டிருக்கிறார். நானாக இருந்தால் அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டியிருப்பேன்.

நேற்று மாதா பிறந்தநாள். தேர் இல்லை, கூட்டுப்பூசை மட்டும். வேளாங்கண்ணியிலும் திருவிழா பக்தர்கள் இல்லாமலேதான் நடந்தது. காவி கட்டி இங்கிருந்து நடந்துபோகிற கூட்டம் இந்த வருடம் கிளம்பவே இல்லை.

உன் அக்கா வீடு இந்தச் சனிக்கிழமை பட்டியலில் இருக்கிறது. எழுபதைத் தாண்டியும் கோயிலுக்கே வருவேன் என்று அடம் பிடிக்கிறார்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார்கள், நீயே போன் போட்டுச் சொல்லு. முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுப் பேசுகிற பழக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்