கோரிக்கை மனு

அனுப்புநர்:
பட்டாதாரர்கள்,
மேடவாக்கம், சென்னை.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட வன அலுவலர் அவர்கள்,
சென்னை.

பொருள்: நன்மங்கலம் காப்புக்காட்டை ஒட்டிய பட்டா நிலத்தில் சீமைக்கருவேலம், உண்ணிச்செடி அகற்றுதல் – தள ஆய்வும் நாட்டு மரக்கன்றுகளும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். காப்புக்காட்டின் எல்லையில் எங்கள் குடும்பத்துக்கு மூன்றரை ஏக்கர் நிலம் உள்ளது. மனை போட்டு விற்க எங்களுக்கு விருப்பமில்லை. காடாகவே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறோம். ஆனால் பெரும்பகுதியைச் சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் பிடித்துக்கொண்டன. நாட்டு வகைகளான காரையும் களாவும் பாலையும் இடுக்குகளில்தான் தப்பி நிற்கின்றன.

விறகுக்கு வந்தவர்கள் சீமைக்கருவேல மரத்தைத் தரைக்கு மேலே வெட்டி எடுத்துப் போனார்கள். ஐப்பசி மழை விழுந்ததும் கட்டைக்குக் கட்டை ஏழெட்டுக் கிளை வெடித்து, முன்பைவிட அடர்ந்த முட்புதராகிவிட்டது. பொக்லைன் விட்டு ஒரே நாளில் தள்ளிவிடச் சொல்கிறார்கள். எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. பொக்லைனுக்குக் களாவும் சீமைக்கருவேலமும் ஒன்றுதான். மண்ணைப் புரட்டினால் அதில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் சீமைக்கருவேல விதைகளும் முளைத்துவிடும். கீரி, உடும்பு, கௌதாரி எல்லாம் இப்போதைக்கு அந்தப் புதரைத்தான் அண்டியிருக்கின்றன. மொத்தமாக அழித்தால் அவை எங்கே போகும்?

ஆகவே பகுதி பகுதியாக, ஆள் வைத்துச் செய்ய நினைக்கிறோம். குருவிகள் கூடு கட்டும் காலம் முடிந்தபின் தொடங்கி, சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்க வேண்டும். உண்ணிச்செடியை மண்ணுக்குள் வேரில் வெட்டி, தூரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் மறுபடி வேர் பிடிக்காது. காலியான இடத்தில் அதே மழைக்கு நாட்டு மரக்கன்று வைத்துவிட வேண்டும். வெற்றிடமாக விட்டால் திரும்பவும் அதுவே வரும். சருகு சேர்ந்து நிழல் விழுந்தால், வலசை வரும் ஆறுமணிக்குருவிக்கும் இரை கிடைக்கும்.

அயல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்கத் தமிழக அரசு 2022-ல் தனிக் கொள்கையே வெளியிட்டுள்ளது. காப்புக்காட்டுக்குள் எவ்வளவு அகற்றினாலும், வேலிக்கு இந்தப் பக்கம் பழுக்கும் உண்ணிப்பழத்தைக் கொண்டைக்குருவி தின்று அந்தப் பக்கம் எச்சமிடும். சீமைக்கருவேல நெற்றைத் தின்ற ஆடுமாடு சாணத்தோடு விதையைக் கொண்டுபோய்ப் போடும். எங்கள் நிலத்தைச் சரிசெய்வது காப்புக்காட்டுக்கும் சேர்த்துச் செய்யும் வேலை என்பதைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

எனவே, வனவர் ஒருவரை அனுப்பித் தள ஆய்வு செய்து, எதை அகற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று குறித்துத் தரவும், வெட்டிய மரத்தை வெளியே கொண்டுசெல்ல அனுமதி தேவையெனில் அதை வழங்கவும், பசுமைத் தமிழகம் இயக்க நாற்றங்காலிலிருந்து காரை, பாலை, நாவல் கன்றுகள் தரவும் பணிவுடன் வேண்டுகிறோம். கூலிச் செலவை நாங்களே ஏற்கிறோம். பருவமழைக்கு முன் ஆய்வு நடந்தால் இந்த ஆண்டே நடவைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
பட்டாதாரர்கள்
(ஒப்பம்)

இணைப்பு: பட்டா நகல், புலவரைபட நகல், நிலத்தின் புகைப்படங்கள்.