சப்பைத் தண்ணீரும் சங்கத்தின் மீட்டரும்: ஒரு திறந்த மடல்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் நடந்தது உங்களுக்கே தெரியும். செயலாளர் மேசையில் இரண்டு டம்ளர் வைத்தார். ஒன்றில் சப்பைத் தண்ணீர் என்று நாம் சொல்லும் கடினமான போர்வெல் தண்ணீர், இன்னொன்றில் அதை மென்மையாக்க வைத்திருக்கும் சாஃப்ட்னர் மிஷினைத் தாண்டி வந்த தண்ணீர். பேனா மாதிரி இருக்கும், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை முதல் டம்ளரில் விட்டார், 1,420. இரண்டாவதில் விட்டார், 1,440. "பாருங்க, குறையவே இல்லை, இருபது கூடியிருக்கு. மீட்டர் பொய் சொல்லாதுங்க" என்றார். கைதட்டல். அடுத்த பத்து நிமிடத்தில் சாஃப்ட்னரைக் கழற்றிவிட்டுக் குழாயில் மாட்டும் காந்தக் கருவி வாங்குவதென்றும், வீட்டுக்கு 7,500 ரூபாய் வசூலிப்பதென்றும் முடிவாகிவிட்டது. 64 வீடு, 4,80,000 ரூபாய். நான் கையைத் தூக்கினேன். டீ வந்துவிட்டது.

அன்று சொல்ல முடியாமல் போனதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன் நான். காலையில் தண்ணீரின் ஹார்ட்னஸ் (கால்சியம், மக்னீசியத்தால் வரும் கடினத்தன்மை) பார்க்காமல் அங்கே துணியைச் சாயத்தில் இறக்க விடமாட்டோம். கால்சியம் கூடினால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், மொத்த லாட்டும் திரும்பி வந்துவிடும். அதனால் உரிமையோடு ஒன்று சொல்கிறேன். மீட்டர் பொய் சொல்லவில்லைதான். ஆனால் நாம் கேட்ட கேள்வி அதற்குரியது இல்லை. தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகின்றன. பண்டமாற்று மாதிரி. ஆள் மாறியது மீட்டருக்குத் தெரியாது. நன்றாக ஓடும் சாஃப்ட்னரிலும் டிடிஎஸ் குறையாது, கொஞ்சம் கூடத்தான் செய்யும். டிடிஎஸ் குறைய வேண்டுமென்றால் அதற்கு ஆர்ஓ வேண்டும், அது வேறு செலவு, வேறு கதை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மிஷின் சரியாக வேலை செய்யவில்லை என்று செயலாளர் சொன்னது உண்மை. காட்டிய சாட்சிதான் தவறு.

கடைசியாகத் தொடர்ந்து பன்னிரண்டு நாள் நானே டெஸ்ட் கிட் வைத்துப் பார்த்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சில நூறு ரூபாய்தான் அந்த கிட். சிறு குப்பியில் தண்ணீர் பிடித்து, முதல் மருந்தையும் நிறம் காட்டும் மருந்தையும் விட்டால் ஒயின் சிவப்பாக மாறும். அப்புறம் அடுத்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனையாவது சொட்டில் நீலமாகிறது என்று எண்ண வேண்டும். நல்ல மென்னீர் என்றால் எடுத்த எடுப்பிலேயே நீலம். ஐந்து நிமிட வேலை. போர் தண்ணீர் லிட்டருக்கு 780 மில்லிகிராம் காட்டுகிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு 200, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில்கூட 600தான். ரெசினைப் புதுப்பிக்க உப்புப் போட்ட அன்று சாஃப்ட்னர் தண்ணீர் 60. மறுநாள் சாயங்காலம் 310. மூன்றாம் நாள் 740. நான்காம் நாள் பார்க்கவே வேண்டியதில்லை, போரும் அதுவும் ஒன்று.

காரணம் எளிது. நாம் குடிவந்த வருடம் பழைய போரில் ஹார்ட்னஸ் 350. மிஷின் வைத்துக் கொடுத்தவர் அந்தக் கணக்கில் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒன்றரை மூட்டை கல் உப்பைக் கரைத்து ரீஜெனரேஷன் (ரெசின் பிடித்த கால்சியத்தை உப்புநீரால் கழுவி, மறுபடி சோடியம் ஏற்றுவது) செய்யச் சொன்னார். அந்த போர் வற்றி 1,100 அடியில் புதியது போட்டோம். தண்ணீர் இரண்டு மடங்குக்கு மேல் கடினமானது. உப்பு இரண்டு மடங்காகியிருக்க வேண்டும். நீங்கள் செலவைக் குறைப்பதாகச் சொல்லி நான்கு நாளுக்கு ஒரு மூட்டை ஆக்கினீர்கள். அரைப்படி அரிசி போட்டு நாலு நாள் சாப்பாடு வரவில்லையே என்று பாத்திரத்தைக் குறை சொல்வது மாதிரிதான் இது.

ஆகவே என் முதல் கோரிக்கை இதுதான். தினமும் காலையில் சாஃப்ட்னருக்கு முன்னும் பின்னும் ஹார்ட்னஸ் பார்த்து, அந்த இரண்டு எண்களையும் லிஃப்ட் பக்கத்து போர்டில் எழுதுங்கள். டிடிஎஸ் வேண்டாம். ஹார்ட்னஸ்.

இதற்கு இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுத வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். கீசர் காயில் போனால் மாற்றிக்கொள்ளலாம், ஷவர் அடைத்தால் ஊசியால் குத்திக்கொள்ளலாம், முடி வறண்டால் ஷாம்பூவைத் திட்டிக்கொள்ளலாம் என்று நாமும் பழகிவிட்டோம். என்னை எழுத வைத்தது வேறு.

எங்கள் பிளாக்கில் ஐந்து வீடுகளுக்கு வேலைக்கு வரும் அக்காவை உங்களுக்கும் தெரியும். ஐந்து வீட்டிலும் பாத்ரூம் டைல்ஸில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவம். ஐந்து வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஒரு ஆசிட் பாட்டில். வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டிலும் அதை ஊற்றித் தேய்ப்பது அவர் வேலை. அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் நகம் பாதி மஞ்சளாகி விளிம்பு உதிர்ந்துவிட்டது. விரல் நுனியில் தோல் வெடித்துக் கோடு கோடாக இருக்கிறது. போனில் கைரேகை வைத்தால் திறப்பதில்லை, பேத்திதான் நம்பர் போட்டுத் திறந்து தருகிறாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். போன மாதம் ஒரு வீட்டில் ஆசிட் தேய்த்த தரையிலேயே பிளீச்சிங் பவுடரையும் தூவச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. ஜன்னல் இல்லாத பாத்ரூம். இருமிக்கொண்டே வெளியே வந்தவர் படிக்கட்டில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்கும் மீதி இரண்டு வீட்டு வேலையை முடித்துவிட்டுத்தான் போனார்.

அந்த விஷயம் செயற்குழுவுக்குச் சொல்லப்பட்டது. "வீட்டுக்குள் நடப்பதற்குச் சங்கம் பொறுப்பில்லை" என்று பதில் வந்தது. சரி. ஆனால் அந்தச் சுண்ணாம்பு வீட்டுக்குள் எந்த வழியாக வந்தது? சங்கத்தின் குழாய் வழியாகத்தானே? (குடியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: கடையில் எலுமிச்சை உப்பு கிடைக்கும். வெந்நீரில் கரைத்து ஊற்றி அரை மணி விட்டால் படிவம் இளகிவிடும். ஆசிட் வேண்டாம். தயவுசெய்து.)

காந்தக் கருவி பற்றியும் சொல்லிவிடுகிறேன். விற்க வந்தவரிடம் நானே கேட்டேன், இதை மாட்டினால் தண்ணீரிலிருந்து கால்சியம் போய்விடுமா என்று. "போகாது சார், ஆனா ஒட்டாது" என்றார். எந்த அளவுகோலில் அதைக் காட்டுவீர்கள் என்றேன். மற்ற அபார்ட்மென்ட்காரர்களின் பாராட்டுக் கடிதங்களைக் காட்டினார். மாட்டிய பிறகும் சொட்டு எண்ணினால் 780தான் வரும், சோப்பு அப்போதும் நுரைக்காது. 4,80,000 ரூபாய்க்கு எத்தனை மூட்டை உப்பு வரும் என்று பொருளாளர் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். நுழைவாயில் வளைவுக்கு மஞ்சள் விளக்கா நீல விளக்கா என்று இரண்டரை மணி நேரம் விவாதித்த சபைக்கு இது பெரிய கணக்கு இல்லை.

உப்பை அள்ளிக் கொட்டுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. உப்பைக் கூட்டினால் கழிவும் கூடும். ரீஜெனரேஷன் முடிந்து வரும் உப்புக் கழிவு இப்போது எங்கே போகிறது என்று பம்ப் ரூமுக்குப் பின்னால் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? மழைநீர் சேகரிப்புக் குழிக்குள் போகிறது. 2003-ல் அரசு கட்டாயமாக்கியது என்பதற்காகத் தோண்டி, ஜல்லி நிரப்பி, நன்றாகவே கட்டிய குழி. நிலத்துக்குள் நல்ல தண்ணீர் இறங்க வேண்டிய அந்த ஒரே வாசலில் நாம் உப்பைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருக்கிறோம். அப்புறம் போரில் சப்பைத் தண்ணீர் வருகிறது என்று கூட்டம் போடுகிறோம். சாயக்கழிவால் நொய்யல் ஆறு என்ன ஆனது என்று பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். அன்றைக்குக் கோர்ட்டைத் திட்டினேன். கழிவை எங்கே விடுகிறோம் என்று அதற்கு முன் நாங்கள் யாரும் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது கேட்கிறேன். அந்தக் குழாயை மழைக்குழியிலிருந்து இந்த வாரமே பிரித்துவிடுங்கள். கழிவை எங்கே சேர்ப்பது என்று விவரம் தெரிந்த ஒருவரை அழைத்துக் கேட்போம்.

இன்னொன்று. ஃப்ளஷ் டேங்குக்கு எதற்கு சாஃப்ட்னர் தண்ணீர்? கட்டும்போதே அதற்குத் தனி லைன் போட்டிருந்தார்கள். மூன்று வருடத்துக்கு முன் வால்வு உடைந்தபோது "தற்காலிகமாக" இரண்டையும் இணைத்தீர்கள். அதைப் பிரித்தாலே மிஷினின் பாரம் குறையும், உப்பும் குறையும். கோபத்தில் எழுதுவதாக நினைக்காதீர்கள். கொஞ்சம் கோபமும் இருக்கிறது, மறைக்கவில்லை. சம்பளம் வாங்காமல் சங்க வேலை பார்க்கிறீர்கள், லிஃப்ட் நின்றால் ராத்திரி பதினொரு மணிக்கும் ஓடி வருகிறீர்கள் என்பதும் தெரியும்.

அதனால் பணிவாகவே கேட்கிறேன். வசூலை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். அந்த ஒரு மாதம் 780-க்குத் தகுந்த உப்பைப் போட்டு, தினமும் இரண்டு எண்களை போர்டில் எழுதுங்கள். மாதக் கடைசியிலும் எண் இறங்கவில்லை என்றால் ரெசின் போயிருக்கலாம். மாற்றுவதற்கு முதல் ஆளாக நான் பணம் தருகிறேன்.

புது டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி வாட்ச்மேன் அறையில் வைத்திருக்கிறேன். கூடவே ஒரு டப்பா சாக்பீஸும். மோட்டார் போடும் தம்பிக்குச் சொட்டு எண்ணக் கற்றுக்கொடுத்துவிடலாம், கெட்டிக்காரப் பையன். நாளைக் காலை ஆறரை மணிக்கு பம்ப் ரூம் வாசலில் நிற்பேன். யாராவது ஒருவர் சாவியோடு வந்தால் போதும்.

இப்படிக்கு,
பி பிளாக் மூன்றாம் மாடியில் குடியிருப்பவன்