திடலைக் குத்தகைக்கு விடும் முன் ஒருநாள் விடியற்காலை அங்கே வாருங்கள்

நகர்மன்றத் தலைவர், துணைத் தலைவர், ஆணையர், சக உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மன்றக் கூட்டத்தில் எனக்குப் பேசக் கிடைப்பது மூன்று நிமிடம். அதிலும் பாதி சத்தத்தில் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். ஊரே படிக்கட்டும் என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இது மன்றத்தில் உட்காரும் நம்மோடு முடிகிற விஷயம் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கான பொருள் பட்டியல் வந்திருக்கிறது. அதில் நம் நகராட்சித் திடலும் ஒரு பொருளாக இருக்கிறது. திடலில் பாதிக்கு மேல் செயற்கைப் புல் விரித்து, சுற்றி வலை கட்டி, விளக்கு போட்டு, தனியாருக்குக் குத்தகைக்கு விடலாம், விளையாட வருகிறவர்களிடம் மணிக்கணக்கில் அவர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு நகராட்சிக்கு ஆண்டுக்கு ஒரு தொகை கட்டுவார்கள் என்கிறது அலுவலகக் குறிப்பு. ஒன்றரைப் பக்கம். கடைசி வரி வழக்கம்போல 'மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது.' வருமானம் எவ்வளவு, மதிப்பீடு எவ்வளவு, நீள அகலம் எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கிறது. இன்றைக்கு அந்தத் திடலில் யார் வருகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். இந்தப் பொருளை இந்தக் கூட்டத்தில் நிறைவேற்ற வேண்டாம். திடலைச் சுற்றியுள்ள வார்டுகளில் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகளில் முதலில் வைப்போம். அங்கே என்ன சொல்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வந்து அப்புறம் நாம் முடிவெடுப்போம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், கேட்காமல் முடிவெடுத்து ஒரு பூங்காவைக் கெடுத்தவள் நான். அதுதான் தகுதி.

நாம் எல்லோரும் 2022 மார்ச் 2ஆம் தேதி உறுதிமொழி எடுத்தோம். 2016இல் பழைய மன்றங்களின் காலம் முடிந்த பிறகு ஐந்து ஆண்டுக்கு மேல் தேர்தலே இல்லாமல் தனி அலுவலர்கள் நடத்திய ஊர்கள் இவை. அதனால் எதையாவது சீக்கிரம் செய்து காட்ட வேண்டும் என்ற வேகம் எனக்குள் இருந்தது. என் வார்டில் ஒரு சின்னப் பூங்கா, முள்ளும் குப்பையுமாகக் கிடந்தது. நிதி கேட்டேன், நச்சரித்தேன், வாங்கினேன். தரை முழுக்க பேவர் பிளாக், எட்டு வடிவ நடைபாதை, உடற்பயிற்சிக் கருவிகள், சுவரில் ஓவியம். திறப்பு விழா அன்று எனக்கு அவ்வளவு பெருமை. மூன்று வாரம் கழித்து எதிர்த் தெருவில் இருக்கும் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஏம்மா, அந்தப் புங்கமரத்து நிழல்லதான் நாங்க பத்துப் பேர் மத்தியானம் உட்காருவோம். அதை வெட்டப்போறேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

சுற்றுச்சுவர் நேராக வர வேண்டும் என்று வெட்டிய மரம் அது. மதிப்பீட்டில் நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட வரி. அந்த நிழலில் ஆள் உட்காருகிறார்கள் என்பது எனக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் நான் அங்கே போனதெல்லாம் காலை பத்து மணிக்கு, பொறியாளரோடும் ஒப்பந்தக்காரரோடும். இப்போது நட்டிருக்கும் கன்று பாட்டியின் இடுப்பு உயரம்கூட வரவில்லை.

பூங்கா நேரமும் அப்படித்தான். காலை ஐந்தரை முதல் எட்டரை, மாலை நான்கு முதல் எட்டு என்று பலகையில் எழுதிவிட்டோம். அந்த நேரத்தில் பெண்கள் எங்கே இருப்பார்கள்? அடுப்படியில் இருப்பார்கள். காலையில் டிபன், பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டுவது, மாலையில் மறுபடி அடுப்பு. ஓய்கிற நேரம் பத்தரை, பதினொன்று, அப்போது கேட்டில் பூட்டு தொங்கும். நானும் சமைத்துவிட்டு மன்றத்துக்கு வருகிறவள்தான், எனக்கே இது தோன்றவில்லை என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் கொடுத்ததே இப்படிப்பட்டதைக் கவனிக்கத்தானே.

சரி செய்தது பகுதி சபைதான். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாட்டில் நகரங்களுக்கு முதல்முறையாகப் பகுதி சபை வந்தபோது, கிராமசபை போல நமக்கும் ஒன்று வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் நம்மில் பலர் அதை எப்படி நடத்துகிறோம்? காலை பதினொரு மணிக்கு, சமுதாயக் கூடத்தில், தெரிந்த முகங்களை வைத்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, தேநீர், போட்டோ. நானும் இரண்டு முறை அப்படித்தான் நடத்தினேன். மூன்றாவது முறை பூங்காவுக்குள்ளேயே, இரவு ஏழரை மணிக்கு வைத்தேன். வேலை முடிந்து வருகிறவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள், பதினைந்து வயதுப் பையன்கள், அதுவரை நான் பார்க்காத ஆட்கள் எல்லாம் வந்து உட்கார்ந்தார்கள்.

அன்று முடிவானதில் பாதிக்கு ஒரு பைசா செலவில்லை. எதிரே இட்லிக்கடை வைத்திருக்கும் அக்காவிடம் ஒரு சாவி, பத்து மணி முதல் பன்னிரண்டு வரை பூங்கா திறந்திருக்கும், கழிப்பறையைப் பூட்டி வைக்கக் கூடாது. அவ்வளவுதான். ஒரு வருஷமாக அந்த இரண்டு மணி நேரம் பூங்கா பெண்களால் நிறைந்திருக்கிறது.

ஆனால் மக்களைக் கேட்டால் எல்லாம் இனிமையாக முடிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அதே கூட்டத்தில் சண்டையும் வந்தது. பந்து பட்டு கண்ணாடி உடைகிறது என்று ஒரு தெரு, விளையாட வேறு இடம் எங்கே என்று பையன்கள். ரப்பர் பந்துதான், ஆறு மணிக்கு மேல் கிடையாது என்று ஒரு வழிக்கு வந்தோம், இரண்டு தரப்புக்கும் அதில் முழுத் திருப்தி இல்லை. அது பரவாயில்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. பின்பக்கக் குடியிருப்பிலிருந்து வருகிற பிள்ளைகள் 'வெளி ஆட்கள்', அந்தப் பக்கக் கேட்டை நிரந்தரமாக மூடிவிட வேண்டும் என்று சிலர் கேட்டார்கள், கை தூக்கச் சொன்னால் அவர்கள் பக்கம்தான் கை அதிகமாக இருந்திருக்கும். நான் கை தூக்கச் சொல்லவில்லை. மூட முடியாது, அந்தப் பிள்ளைகளும் இந்த நகராட்சியின் பிள்ளைகள்தான் என்று சொல்லிவிட்டேன். அதற்காக நான்கு வீட்டில் இன்றும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பெரும்பான்மை சொன்னால் எதை வேண்டுமானாலும் செய்துவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. கேட்க வேண்டும், எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டும், கேட்டதற்கு மாறாக முடிவெடுத்தால் ஏன் என்று அவர்கள் முகத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும். ஒன்றரைப் பக்கக் குறிப்பை 'ஆல் பாஸ்' என்று நிறைவேற்றுகிறபோது இந்த மூன்றில் ஒன்றுகூட நடப்பதில்லை.

இப்போது திடலுக்கு வருகிறேன். இரண்டு வாரமாக வெவ்வேறு நேரத்தில் போய்ப் பார்த்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கே போலீஸ் தேர்வுக்குப் பழகுகிற பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். பையன்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், பெண்பிள்ளைகள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள். தனியார் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள், ஒருவர் செல்போனில் நேரம் பார்க்க மற்றவர்கள் மண்ணில் ஓடுகிறார்கள். பாதித் திடலை வலை கட்டி மூடினால் மிச்சமிருக்கும் துண்டில் 1500 மீட்டர் எப்படி ஓடுவது? திரும்பித் திரும்பிக் கால் சுளுக்கும். அடுத்து நடைப்பயிற்சிக்காரர்கள். ஏழரைக்கு மேல் சொந்த மைதானம் இல்லாத ஒரு பள்ளியின் பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள். பதினொரு மணிக்கு ஆள் குறைந்ததும் ஸ்கூட்டி பழகுகிற பெண்கள், உரிமத் தேர்வுக்கு எட்டுப் போட்டுப் பழகுவது அங்கேதான். மாலையில் கபடி, வாலிபால், இரண்டு மூன்று கிரிக்கெட் ஒன்றோடொன்று குறுக்கே, ஓரத்தில் சுண்டல் வண்டி, அதைச் சுற்றி ஓய்வு பெற்றவர்களின் அரட்டை. ஆடுகிறவர்களைவிட வேடிக்கை பார்ப்பவர்கள் அதிகம். அவர்களுக்கும் அது பொழுதுபோக்கு இடம்தானே, அதற்கு மட்டும் ஏன் நம் குறிப்பில் கணக்கு இல்லை?

செயற்கைப் புல்லே கூடாது என்று நான் சொல்லவில்லை. மழைக்காலத்தில் சேறில்லாமல் ஆடலாம், இரவில் வெளிச்சத்தில் ஆடலாம், பிள்ளைகளுக்கு அதில் ஆசை இருக்கிறது. ஆனால் நம் ஊர் வெயிலில் அது இயற்கைப் புல்லைவிட எவ்வளவோ அதிகமாகச் சூடேறும், பகலில் வெறுங்காலோடு நிற்க முடியாது, சில ஆண்டுகளில் தேய்ந்து மறுபடி போட வேண்டிவரும். குத்தகை முடிந்து அவர்கள் கிளம்பிய பிறகு அந்தச் செலவு யார் தலையில் என்று குறிப்பில் இல்லை. கூட்டத்தில் இதற்கு ஆணையர் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சென்னையில் நடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். 2024 அக்டோபர் கடைசியில் மாநகராட்சி மன்றம் 9 செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விடத் தீர்மானம் போட்டது, ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் கட்டணம். வியாசர்பாடி மாதிரி, கால்பந்து பிள்ளைகளின் ரத்தத்தில் ஊறிய பகுதிகள் இருக்கிற வடசென்னையில் அது எப்படி இறங்கும்? எதிர்ப்பு கிளம்பியது, ஓரிரு நாளிலேயே தீர்மானம் ரத்து, மாநகராட்சியே பராமரிக்கும் என்று அறிவித்துவிட்டார்கள். தவறு என்று பட்டதும் திருத்திக்கொண்டதை நான் மதிக்கிறேன். நமக்கு அந்தப் பாடம் இலவசமாகக் கிடைத்திருக்கிறது. பத்துப் பிள்ளைகள் சேர்ந்து தினம் ஒரு மணி நேரம் ஆடினால் நாளுக்கு 1,200 ரூபாய், நம் ஊரில் எந்தக் கூலிக்காரர் வீட்டுப் பையன் தன் பங்கைத் தினமும் கொண்டுவருவான்?

அதே சென்னையில் பழைய கதை ஒன்றும் இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் ட்ரெவெலியன் மெட்ராஸ் ஆளுநராக இருந்த காலத்தில் மக்களுக்காக என்றே தொடங்கிய பீப்பிள்ஸ் பார்க் 116 ஏக்கர். மூர் மார்க்கெட், விக்டோரியா ஹால், விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக அதில் வந்தன, மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையும் அதே இடத்தில்தான் 1913இல் எழுந்தது. ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கு நல்ல காரணம் இருந்தது. இன்று பூங்காவாக மிஞ்சியிருப்பது ஒரு மூலை. எனக்கு இந்தக் கதைதான் பயம் தருகிறது, ஏனென்றால் நம் திடலிலும் ஏற்கெனவே ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி, ஒரு மூலையில் குப்பை தரம் பிரிக்கும் கொட்டகை.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகராட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்று சொல்கிற 18 பணிகளில் பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றையும் சேர்த்திருக்கிறது. பெங்களூருவில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை மருத்துவமனை கட்டத் தனியார் அறக்கட்டளைக்குக் கொடுத்தபோது அந்தப் பகுதி மக்கள் வழக்குப் போட்டு, 1991இல் உச்ச நீதிமன்றம்வரை ஜெயித்தார்கள். மருத்துவமனையும் நல்ல காரியம்தான், ஆனாலும் பூங்கா இடம் பூங்காவுக்கே என்றது நீதிமன்றம்.

நகராட்சிக்கு வருமானம் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். தூய்மைப் பணியாளர் சம்பளம், மின்கட்டணம், நிலுவை, எல்லாப் பட்டியலையும் பார்க்கிறேன். ஆனால் நாம் பதவியேற்ற ஒரு மாதத்துக்குள் 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தது நினைவிருக்கிறதா? வீடு வீடாகப் போய் நாமே விளக்கம் சொன்னோம், ரோடு வரும், பூங்கா வரும் என்றோம். கட்டினார்கள். வரியும் கட்டிவிட்டு, பிள்ளை பந்து உதைக்க மணிக்கணக்கில் காசும் கட்டு என்று அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புதிதாக ஏதாவது செய்ய ஆசை இருந்தால் செய்ய நிறைய இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போட்டால், ரோடு போக மிச்சத்தில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது விதி. நம் ஊர் ஓரத்தில் எத்தனை நகர்கள் வந்துவிட்டன, அந்தப் பூங்கா இடங்கள் எல்லாம் எங்கே? சில கருவேலங்காடு, சிலவற்றில் யாரோ மாடு கட்டியிருக்கிறார்கள். அந்தப் பத்திரங்களை எடுத்து ஒவ்வொன்றாக அளந்து வேலி போடுவோம், நான் தினமும் கூட வருகிறேன். திடலுக்கு இரண்டு உயரமான விளக்கும், பெண்களுக்கு ஒரு கழிப்பறையும், ஓரமாகச் சுற்றி ஓட ஒரு மண் தடமும் போதும் என்பது என் கணிப்பு. ஆனால் போன தடவையும் என் கணிப்பை நம்பித்தான் மரத்தை வெட்டினேன், அதனால் இதையும் பகுதி சபையிலேயே கேட்போம்.

தலைவர் அம்மா, ஒரு மாதம் தள்ளிவைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அண்ணன்மார்களே, கட்சி கூட்டணி எதுவும் இதில் இல்லை, உங்கள் வார்டுப் பிள்ளைகளும் அங்கேதான் ஓடுகிறார்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு நான் திடலின் கிழக்குக் கேட்டில் இருப்பேன். கூட்டத்துக்கு முன் உங்களில் நான்கு பேராவது வாருங்கள். வெளிச்சம் இருக்காது, கையில் டார்ச் எடுத்து வாருங்கள், பிள்ளைகள் இருட்டிலேயே ஓட ஆரம்பித்திருப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் சக நகர்மன்ற உறுப்பினர்