களஞ்சியச் சுவரில் உன் பெயர்

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக் கோட்டைக்குப் போய் வந்தேன். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததிலிருந்தே போகணும் போகணும் என்று இருந்தது. மராட்டியர் கோட்டைகள் 12-ஐ ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம் செஞ்சி மட்டும்தான்.

முட்டி வலியால் ராஜகிரி ஏறவில்லை. கல்யாண மகாலைச் சுற்றிவிட்டுக் களஞ்சியத்துக்குள் நுழைந்தேன். கால் தானாகவே அந்தச் சுவருக்குப் போனது. உன் பெயர் அப்படியே இருக்கிறது, தம்பி. அஞ்சாவது லீவில் ஆணியால் கீறினாயே, அதேதான். முதல் எழுத்தைச் சுற்றிச் சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்து உள்சாந்து தெரிகிறது. விரல் வைத்தேன், மாவு போல உதிர்ந்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எட்டவில்லை என்று உன்னைத் தூக்கிப் பிடித்தவன் நான். சுழியைச் சரியாகப் போடு என்று சொல்லிக் கொடுத்தவனும் நான்தான். பையன் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அன்றைக்குப் பெருமை வேறு.

முகலாயர் படை 1690-இல் வளைத்துக்கொண்டு, 1698-இல்தான் பிடிக்க முடிந்த கோட்டை அது. அங்குள்ள கோயில் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றனவே, நீ கட்டிப் பிடித்து விளையாடிய அந்தத் தூண்கள்தாம். அதைச் சொல்லிச் சொல்லிக் கோபப்பட்ட நான், என் பிள்ளை கையில் ஆணியைக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது கீறினால் 2 வருடம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம். ரகசியமாக அழித்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. தேய்த்தால் மிச்சப் பூச்சும் போய்விடும். விட்டுவிட்டு வந்தேன்.

பொங்கலுக்கு வரும்போது பாப்பாவைக் கட்டாயம் கூட்டி வா. பார்க்கிற இடமெல்லாம் பெயர் எழுதுகிறாள் என்று மருமகள் போனில் சொன்னாள். அந்தச் சுவரை அவளுக்கு நான்தான் காட்டணும். தூக்கிப் பிடித்தது தாத்தா என்பதையும் நானே சொல்கிறேன். நீ பக்கத்தில் இருந்தால் போதும்.

வெயிலுக்கு முன்னால் போனால் நீங்கள் இருவரும் ராஜகிரி ஏறிவிடலாம். உச்சிக்குப் போகும் வழியில் பாறைப் பிளவைத் தாண்ட ஒரு பாலம் வரும், ஞாபகம் இருக்கிறதா? அங்கே அவள் கையை விட்டுவிடாதே. நான் கீழே களஞ்சியத்து நிழலில் உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா