மேட்டூர் அணையில் உண்மையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது? நீர்வளத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு நீர்வளத் துறையின் பொறியாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் கடைமடைப் பக்கத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவன். தினமும் காலையில் நீங்கள் கொடுக்கும் நான்கு எண்களைப் பார்த்துத்தான் எங்கள் பக்கத்தில் முடிவுகள் எடுக்கிறார்கள்: மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர் இருப்பு, நீர்வரத்து, நீர் திறப்பு. நாற்று விடலாமா, நேரடி விதைப்புக்குப் போகலாமா, குறுவையை விட்டுவிட்டு ஒரே போகமாகச் சம்பா போடலாமா என்பதெல்லாம் அதை வைத்துத்தான். இந்த நான்கில் நீர் இருப்பு என்ற எண்ணைப் பற்றித்தான் இந்த மடல்.

அணை 120 அடி நிரம்பினால் இருப்பு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). இது 1934-ல் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர் சூட்டித் திறந்தபோது இருந்த கணக்கு. 1925-ல் வேலை தொடங்கி, பொறியாளர் எல்லிஸ் தலைமையில் ஒன்பது வருஷம் உழைத்து, 5,300 அடி நீளத்துக்குச் சுவர் எழுப்பியவர்கள், தண்ணீர் தேங்குவதற்கு முன்பே பள்ளத்தாக்கை அளந்து போட்ட கணக்கு. அவர்கள் அளந்தது சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு 90 வருஷமாகக் காவிரி அந்த ஏரிக்குள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருக்கிறது. 2024-ல் அணை நிரம்பியபோதும் அதே 93.47-தான் செய்தியில் வந்தது. அடியில் களிமண் படிந்து இறுகிப்போன மரக்காலால் நெல்லை அளந்து, முழு மரக்கால் என்று எழுதி வைக்கிற மாதிரி இருக்கிறது இது.

வண்டல் ஆய்வுகள் இடையிடையே நடந்திருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் அந்த முடிவுகள் தினசரிக் கணக்கில் ஏன் ஏறவில்லை?

வண்டல் அணைச் சுவர் ஓரமாக அடியில்தான் படியும், அது எப்படியும் எடுக்க முடியாத தண்ணீர்தானே என்று சிலர் சொல்வார்கள். ஆனால் ஏரிக்குள் ஆறு நுழையும் இடத்தில் வேகம் குறைந்ததும் பெருமணல் முதலில் இறங்கிவிடுகிறது. அடிப்பாலாறு, கோட்டையூர், பண்ணவாடி பக்கம் கோடையில் போய்ப் பார்த்தால் தெரியும். நீர் வடிந்ததும் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் மூழ்கிய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே வருகின்றன. அவற்றைச் சுற்றி ஜனங்கள் கம்பும் சோளமும் விதைக்கிறார்கள். அந்த அளவுக்கு மண் மேடிட்டுக் கிடக்கிறது. களிமண்தான் மிதந்து மிதந்து அணை ஓரம் வரை வருகிறது. ஆக, மேல்மட்டத்திலும் இடம் போகிறது, கீழ்மட்டத்திலும் போகிறது. இதில் மேல்மட்டம்தான் முக்கியம். எத்தனை அடிக்கு எவ்வளவு நீர் என்று நீங்கள் வைத்திருக்கும் அட்டவணைப்படியே 100 அடியில் ஏறக்குறைய 65 டி.எம்.சி.; மீதி 28 டி.எம்.சி.க்கு மேல் அந்தக் கடைசி 20 அடியில் இருக்கிறது.

ஒரு டி.எம்.சி. என்பது எங்களுக்கு என்ன என்று சொல்கிறேன். வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் திறந்தால் ஒரு டி.எம்.சி. குறுவைக் காலத்தில் மேட்டூரில் திறப்பது பல நாட்கள் இதை ஒட்டித்தான் இருக்கும். அப்படியென்றால் கணக்கில் 10 டி.எம்.சி. கூடுதலாகக் காட்டினால், பத்து நாள் தண்ணீர் இல்லாமல் போகிறது. அந்தப் பத்து நாளும் பாசனத்தின் ஆரம்பத்தில் போகாது, கடைசியில்தான் போகும். கதிர் வந்து பால் பிடிக்கிற சமயம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, முறை வைத்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி வேதாரண்யம் பக்கம் வந்து சேர்வதற்குள் இன்னும் எத்தனையோ நாள். குறைகிற பத்து நாளும் முதலில் விழுவது கடைமடை வயலில்தான். 10 என்பது ஒரு பேச்சுக்குச் சொன்னது. சரியான எண்ணைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

2023-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் 12-ல் முறைப்படி திறந்தீர்கள். அப்புறம் கர்நாடகத்திலிருந்து வர வேண்டிய பங்கு வரவில்லை, அக்டோபரிலேயே அணையை மூட வேண்டியதாயிற்று, குறுவை காய்ந்தது. மேலேயிருந்து தண்ணீர் வராததற்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் கையிருப்பை மட்டும் நம்பினால் எத்தனை நாள் தாங்கும் என்று ஜூன் மாதமே துல்லியமாகத் தெரிந்திருந்தால், எத்தனையோ பேர் பரப்பைக் குறைத்திருப்பார்கள், குறுகிய கால ரகம் போட்டிருப்பார்கள். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. தேதி முன்பின் ஆவதை எங்களால் தாங்க முடியும். பாதியில் நிற்பதைத்தான் தாங்க முடியாது.

வெள்ளக் காலத்தில் இதே தவறு வேறு விதமாகக் கடிக்கும். 2018 ஆகஸ்டில் வினாடிக்கு 2 லட்சம் கன அடி வரை திறக்க வேண்டியிருந்தது. அந்த வேகத்தில் ஒரு டி.எம்.சி. வந்து சேர 83 நிமிஷம்தான் ஆகும். ஏரியில் 3 டி.எம்.சி. இடம் பாக்கி என்று அட்டவணை சொல்லி, நிஜத்தில் 2-தான் இருந்தால், உபரி நீரை வெளியேற்றும் 16 கண் மதகைத் தூக்குவதற்கும் கரையோர ஊர்களை எழுப்புவதற்கும் இருக்கிற நேரத்தில் ஒன்றேகால் மணிக்கு மேல் காணாமல் போகிறது. அதே மாதம் 22-ஆம் தேதி இரவு திருச்சி அருகே முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் இடிந்தன. அதற்குக் காரணம் வேறு. ஆனால் அப்படி ஒரு வெள்ளத்தில் ஒவ்வொரு மணியும் எவ்வளவு பெறும் என்பதை உங்களை விட யார் அறிவார்கள்?

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். அணை மின்நிலையம் 50 மெகாவாட், சுரங்க மின்நிலையம் 200 மெகாவாட். பாசனத்துக்கு விடுகிற தண்ணீர்தான் முதலில் இவற்றின் வழியாக இறங்கி, அப்புறம் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று கதவணைக்குக் கதவணை மறுபடியும் மின்சாரம் தந்துவிட்டுத்தான் எங்களிடம் வருகிறது. வண்டலால் ஏரியில் நாம் இழக்கிற ஒவ்வொரு டி.எம்.சி.யும் நெல்லாக மட்டும் போகவில்லை.

கொள்ளளவு குறைந்திருக்கிறது என்று நாமே ஒப்புக்கொண்டால் கர்நாடகத்தோடு உள்ள காவிரி வழக்கில் நமக்குப் பாதகமாகிவிடுமோ என்ற தயக்கம் உங்களில் சிலருக்கு இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கர்நாடகம் வருஷத்துக்குத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் சொன்ன 177.25 டி.எம்.சி. மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்படுவது, மேட்டூர் ஏரியின் ஆழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பற்றாக்குறை வருஷத்தில்தான் எதிர்த் தரப்பு மேட்டூரில் எவ்வளவு இருக்கிறது என்று கை நீட்டிக் கேட்கிறது. அந்த நேரத்தில், இல்லாத தண்ணீரை இருப்பதாக நம் அட்டவணையே காட்டினால் நஷ்டம் யாருக்கு?

தூர்வாருவதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. 2017-ல் வண்டல் எடுக்க விட்டார்கள், நல்ல காரியம். ஆனால் 59 சதுர மைல் ஏரியில் எங்கே எவ்வளவு படிந்திருக்கிறது என்ற வரைபடம் இல்லாமல், டிப்பர் போகிற கரையோரத்தில் மட்டும் அள்ளினால் கொள்ளளவு எவ்வளவு திரும்பியது என்று யாராலும் சொல்ல முடியாது. அளவெடுப்பு முதலில், அள்ளுவது பிறகு. அள்ளும்போது லாரி வைத்திருப்பவருக்கு மட்டும் கிடைக்காமல் இரண்டு ஏக்கர்காரருக்கும் அந்த மண் போய்ச் சேர வழி செய்யுங்கள்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. ஏரி நிரம்பியிருக்கும்போது படகில் ஒலியை அனுப்பி ஆழம் அறியும் எதிரொலிக் கருவி வைத்துக் குறுக்கும் நெடுக்குமாக அளக்கலாம். நீர் இறங்கியதும் வெளியே தெரியும் பகுதியை ட்ரோன் வைத்து அளக்கலாம். இரண்டையும் சேர்த்தால் அடிக்கு அடி புதிய அட்டவணை கிடைத்துவிடும். அதைத் தமிழில், எல்லோரும் எடுத்துப் பார்க்கிற மாதிரி வெளியிடுங்கள். அது வெளியான நாளிலிருந்து காலைச் செய்தியில் பழைய கணக்கு, புதிய கணக்கு இரண்டையும் ஒரு வருஷத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். பத்து வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி அளப்போம் என்று அரசாணையிலேயே எழுதிவிடுங்கள். அடுத்த ஜூன் 12-க்கு முன்னால் படகு இறங்கிவிட்டால், அதற்கடுத்த குறுவைக்கு எங்கள் கையில் சரியான எண் இருக்கும்.

இப்படிக்கு,
காவிரிக் கடைமடையிலிருந்து ஒரு விவசாயி