1125 ஆவணி என்றால் 1949, ஐயா

பழைய பதிவேடுகளின் இணையதளத்தை நடத்தும் அலுவலகப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

புதுப்பித்த உங்கள் தளத்தின் தேதிக் கட்டத்தைப் பற்றியது இந்த மடல். முன்பு ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே ஏட்டில் உள்ளபடியே கொல்லம் ஆண்டும் (கேரளத்தின் பழைய ஆண்டுக் கணக்கு) மாதமும் நாளும் இருந்தன. இப்போது அவற்றை எடுத்துவிட்டு ஆங்கிலத் தேதியை மட்டும் வைத்திருக்கிறீர்கள். மாதம் சரியாக மாறியிருக்கிறது. ஆண்டில்தான் கோட்டை விட்டிருக்கிறது உங்கள் மென்பொருள்: எல்லாப் பதிவுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 825 கூட்டியிருக்கிறது.

கொல்லம் ஆண்டு பிறப்பது சிங்ஙம் ஒன்று, நம் ஆவணி முதல் தேதி. ஆங்கிலக் கணக்கில் ஆகஸ்ட் 17-ஐ ஒட்டி வரும். அன்று தொடங்கி டிசம்பர் 31 வரை 824 கூட்ட வேண்டும். ஜனவரி முதல் ஆடி முடியும் வரைதான் 825. மார்கழியில், அதாவது தனு மாதத்தில், பாதியிலேயே ஆங்கில ஆண்டு மாறிவிடுவதால் மாதம் மட்டும் தெரிந்தால் போதாது, நாளும் வேண்டும். சரிபார்க்க விரும்பினால் 1200 சிங்ஙம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது 2024 ஆகஸ்ட் 17. உங்கள் தளத்தின் கணக்குப்படி 2025.

ஒரு வருடம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று கேட்கலாம். கல்வெட்டு ஆராய்ச்சிக்கு வேண்டுமானால் பொறுத்துக்கொள்ளலாம். தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு முடியாது. பட்டியல் சாதிக்கான குடியரசுத் தலைவர் ஆணையின் தேதி 1950 ஆகஸ்ட் 10. பழங்குடிக்கு 1950 செப்டம்பர் 6. அந்தத் தேதிக்கு முன்பே முன்னோர் இங்கே வசித்தார்கள் என்று காட்டினால்தான் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ். அதற்காகத்தான் தாத்தாவின் பெயரைத் தேடி உங்கள் தளத்துக்கு வருகிறார்கள்.

தோட்டத்துப் பள்ளி ஒன்றின் சேர்க்கைப் பதிவேட்டில் 1125 சிங்ஙம் 20 என்று ஒரு பதிவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 1949 செப்டம்பர் முதல் வாரம். உங்கள் தளம் காட்டுவது 1950 செப்டம்பர். பதினோரு மாதம் முந்தி இங்கே இருந்த பையனை நாலு வாரம் பிந்தி மலையேறி வந்தவனாக ஆக்கிவிட்டது ஒரு கூட்டல் கணக்கு. வில்லேஜ் ஆபீசில் மூல ஏட்டைப் புரட்டிப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? அட்சயா என்ற அரசு இ-சேவை மையத்தில் அச்செடுத்துக் கொண்டுபோன தாளில் உள்ள தேதிதான் பேசும். 1125-இன் ஆவணியில் தொடங்கி மார்கழிப் பாதி வரை, நாலரை மாதப் பதிவுகள் அத்தனையும் இப்படித் தப்பான பக்கத்தில் போய் விழுந்துகிடக்கின்றன. தேடுகிறவர்களுக்கு மிகவும் வேண்டிய ஆண்டு எதுவோ, சரியாக அந்த ஆண்டில்.

ஏட்டில் உள்ள தேதியை ஏட்டில் உள்ளபடியே காட்டுங்கள் என்பதுதான் கோரிக்கை. ஆங்கிலத் தேதி பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

தளத்தில் உள்ள ஏட்டுப் பக்கத்தின் படத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். பார்த்தோம். பக்கத்தின் வலது மேல் மூலையில், தேதி எழுதியிருக்கும் அதே இடத்தில், உங்கள் முத்திரை சாம்பல் நிறத்தில் குறுக்கே ஓடுகிறது.

இந்தப் பதிவேடுகளில் பெயரைத் தட்டித் தேடினால் கிடைக்காது என்பது தேடிப் பழகிய எவருக்கும் தெரியும். தேடும் வரிசை வேறு. முதலில் எஸ்டேட், பிறகு டிவிஷன், பிறகு அந்த லயத்துப் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகள் போன பள்ளி, அதன்பின் ஆண்டு. கடைசியில்தான் பெயர், அதுவும் பக்கம் பக்கமாகக் கண்ணால் பார்த்து. காரணம், தமிழ்ப் பெயரை மலையாளத்தில் எழுதி, அதை இன்னொருவர் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். மாரியம்மாள் ஆங்கிலத்துக்குப் போனால் மரியம்மாவும் அவளும் ஒரே எழுத்தில் வந்து நிற்பார்கள். அதைக் கிறித்தவப் பெயர் என்று படித்துவிட்டால், அதே 1950 ஆணையின்படி பட்டியல் சாதித் தகுதியே கேள்விக்குள்ளாகும். ஆகவே ஒரு பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும், முரண்பட்டால் மூன்றாமவர் பார்க்க வேண்டும். 1971 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய மலையாள எழுத்தைத் தடுமாறாமல் படிப்பவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். போடியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வண்டிப்பெரியாற்றிலிருந்தும் மாலை நேரங்களில் சம்பளமில்லாமல் இதைச் செய்கிறார்கள். படித்ததை ஒரு அட்டவணையில் ஏற்றுகிறார்கள்: ஏட்டுத் தேதி, ஆங்கிலத் தேதி, எழுதியிருந்தபடி பெயர், தமிழில் பெயர், எஸ்டேட், டிவிஷன், பக்க எண், உங்கள் தளத்தில் அந்தப் படத்தின் முகவரி.

படத்தின் முகவரி உள்ள அந்தக் கடைசி நெடுவரிசை முழுவதும் இப்போது செத்துக் கிடக்கிறது. தளத்தைப் புதுப்பித்தபோது எல்லாப் பக்க முகவரிகளையும் மாற்றிவிட்டீர்கள். புதிய முகவரியோ தளத்துக்குள் நுழைந்திருக்கும்வரைதான் வேலை செய்கிறது. சேமித்து வைத்து மறுநாள் திறந்தால் முகப்புக்குப் போய்விடுகிறது. பழைய பக்கங்களில் சிலவற்றை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷின் பிடித்து வைத்திருக்கிறது, அதில்தான் கொல்லம் தேதிகளை ஒப்பிட முடிகிறது. அரசாங்கத்து ஏட்டின் தேதியை அமெரிக்காவில் உள்ள நூலகத்தில் போய்ச் சரிபார்க்கும் நிலை.

மாவட்டப் பட்டியலையும் ஒரு தடவை பாருங்கள். இடுக்கி மாவட்டம் பிறந்தது 1972 ஜனவரி 26-இல். அதற்கு முந்தைய தேவிகுளம், பீருமேடு ஏடுகள் கோட்டயத்தின் கீழ் இருக்கின்றன. இடுக்கியைத் தேர்ந்தெடுத்தால் ‘பதிவுகள் இல்லை’ என்று வருகிறது. இல்லையென்று சொன்னால் நம்பித் திரும்பிப் போகிறவர்கள்தான் அதிகம்.

தேடல் பெட்டியிலும் ஒரு சிக்கல். மலையாளச் சில்லெழுத்துகளுக்கு (‘ன்’, ‘ல்’ போன்ற மெய்களுக்கான தனி வடிவங்கள்) யூனிகோடில் 2008 முதல் தனிக் குறியீடுகள் உண்டு. அதற்கு முன் மூன்று குறியீடுகளைச் சேர்த்து எழுதினார்கள். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. முருகன், மாடன், வேலன் என்று ‘ன்’-இல் முடியும் பெயர்களெல்லாம் இதில் சிக்குகின்றன. இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பொருத்தும்படி தேடலை அமைப்பது பெரிய வேலையில்லை.

தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டவருக்கு, இணையதளத்தில் பார்த்துக்கொள்ளவும் என்று பதில் வந்தது. சட்டம் சொன்ன 30 நாளுக்குள் வந்தது, அதைப் பாராட்டத்தான் வேண்டும். 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டத்தின்படி சிறுபான்மை மொழிப் பகுதித் தமிழர் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் பெறலாம். தேதிப் பிழையைச் சுட்டி அனுப்பிய மின்னஞ்சல்களுக்கு இதுவரை எந்த மொழியிலும் பதில் இல்லை. முகப்பில் மட்டும் பச்சைப் பசேலென்று தேயிலைக் காடு, கூடையோடு கொழுந்து பறிக்கும் பெண்கள், அழகான படங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பெண்களின் பாட்டன் பெயரை அதே தளத்தில் தேடிக் கண்டுபிடிக்க இத்தனை பாடு.

கோபத்தில் கொஞ்சம் கூடிப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது சிறிது. ஏட்டுத் தேதியை மீண்டும் காட்டுங்கள். பழைய தரவுத்தளத்தில் அந்த நெடுவரிசை இருந்தது, அழித்திருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறோம். அதைத் திருத்தும்வரை, தவறான ஆங்கில ஆண்டையாவது தளத்திலிருந்து மறைத்து வையுங்கள். தப்பான தேதிக்கு வெற்றிடம் எவ்வளவோ மேல். பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிடுவதையும், முத்திரையைப் பக்கத்தின் அடிக்கு இறக்குவதையும் அடுத்து பார்க்கலாம்.

மாதவாரியாகப் போட்ட மாற்றுக் கணக்கும், சரிபார்த்த பதிவுகளின் அட்டவணையும் தயாராக இருக்கின்றன. எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் அன்றே அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
மூணாறு, பீருமேடு, போடி வட்டாரங்களில் பழைய பதிவேடு தேடித் தரும் தன்னார்வலர்கள்