பேசுவதற்கு மட்டும் ஒரு மாத ரீசார்ஜ் வேண்டும்: சேர்வராயன் மலையிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: தலைவர் மற்றும் உறுப்பினர்கள், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், புது தில்லி.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். ஏற்காடு வட்டத்தில், பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அரிசி, பருப்போடு செல்போன் ரீசார்ஜும் செய்து தருகிறேன். நீங்கள் தில்லியில் போடும் ஆணைகள் கடைசியில் என் கடை மேசைக்குத்தான் வந்து சேர்கின்றன. கட்டணம் ஏறினால் என் கமிஷனும் சில காசுகள் ஏறும். ஆகவே இது என் சொந்த நஷ்டத்துக்காக எழுதும் கடிதம் அல்ல.

சென்ற வாரம் காஸ் சிலிண்டர் வண்டி வந்தது. ஊருக்குள் அந்த வண்டி நுழையாது. கூட்டுரோட்டில் நிற்கும், காலி சிலிண்டரை அவரவர் சுமந்துகொண்டு போக வேண்டும். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஓர் அம்மா, அறுபது வயதைத் தாண்டியவர், பேரனோடு வந்து வரிசையில் நின்றார். செல்போனுக்கு வரும் எண்ணைச் சொன்னால்தான் புதுச் சிலிண்டர் கைக்கு வரும். அவருடைய பட்டன் போனை வண்டிக்காரர் வாங்கிப் பார்த்தார். நான் வாங்கிப் பார்த்தேன். பேரன் அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தான். எண் வரவில்லை. ரீசார்ஜ் முடிந்து நாளாகிவிட்டதால் வெளியே போகும் அழைப்போடு உள்ளே வரும் குறுஞ்செய்தியும் நின்றுபோயிருந்தது. மழையில் தோட்ட வேலை இல்லாத வாரம் அது. கூலி வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார். சிலிண்டருக்கு உண்டான பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துதான் வந்திருந்தார். அதற்கு மேல் 199 ரூபாய் வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

கடனில் போட்டுத் தருகிறேன் என்று கடைக்கு ஓடினேன். போட்டு முடித்துத் திரும்புவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. வண்டிக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். இருட்டுவதற்குள் அவர் இன்னும் சில ஊர்களுக்குப் போயாக வேண்டும். அந்த அம்மா என்னிடம், “நான் யாரையும் கூப்பிடுவதே இல்லையே தம்பி, பிறகு எதற்கு இவ்வளவு பணம்?” என்று கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

அவருக்கு இணையம் தேவையில்லை. அவர் போனில் அது ஓடவும் ஓடாது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார். அதை எடுக்க வேண்டும். வங்கியிலிருந்தும் காஸ் ஏஜென்சியிலிருந்தும் வரும் எண்கள் தெரிய வேண்டும். உள்ளே வரும் அழைப்புக்குக் காசு இல்லை என்ற முறை 2003இல் நாடெங்கும் வந்தது. 2018இன் கடைசியில், சிம் உயிரோடு இருக்க வேண்டுமானால் 28 நாளுக்கு ஒருமுறை 35 ரூபாயாவது போட வேண்டும் என்று நிறுவனங்கள் ஆரம்பித்தன. அந்த 35 இன்று எங்கள் ஊரில் 199 ஆகி நிற்கிறது. என் கடன் நோட்டில் பருப்பு, எண்ணெய்க்கு அடுத்த வரியில் ‘போன்’ என்று எழுதாத பக்கம் இப்போது கிடையாது.

உலகிலேயே மிக மலிவான டேட்டா இந்தியாவில்தான் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். ஒரு ஜிபி என்ன விலை என்று கணக்குப் பார்த்தால் சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த அம்மா வாங்குவது ஜிபி அல்ல. தன் எண் செத்துப்போகாமல் இருப்பதற்கான காசைத்தான் அவர் கட்டுகிறார். அது மலிவா என்று யாராவது அளந்து பார்த்தார்களா? வேண்டாத டேட்டாவைத் தலையில் கட்டி, அதற்கும் சேர்த்து 18 சதவீத ஜிஎஸ்டி வாங்கி, பிறகு மலிவு என்று சொல்வது, பந்தியில் உட்கார்ந்த நோயாளியிடம் விருந்துக்கான காசை வாங்கிக்கொண்டு கஞ்சி ஊற்றுவதைப் போன்றது.

செல்போன் கட்டணத்தை நிறுவனங்களின் முடிவுக்கே விட்டுவிடுவது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உங்கள் கொள்கை. போட்டி இருந்தால் விலை தானாகக் குறையும் என்பது அதன் அடிப்படை. போட்டி இருந்த காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது, மறுக்கவில்லை. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஏர்செல் 2018இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. மிஞ்சியவை மூன்று தனியார் நிறுவனங்களும் ஓர் அரசு நிறுவனமும். 2024 ஜூலையில் அந்த மூன்று தனியார் நிறுவனங்களும் ஒரே வாரத்துக்குள் 10 முதல் 27 சதவீதம் வரை கட்டணத்தை உயர்த்தின. இதைப் போட்டி என்று சொல்ல எனக்கு நா வரவில்லை.

அதுவும் சேலம் டவுனில். மலைக்கு மேலே அந்த நான்கும் முழுதாகக் கிடைப்பதில்லை. எங்கள் ஊரில் வீட்டுக்குள் உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் ஒரே ஒரு நிறுவனத்தின் டவர்தான் கிடைக்கும். மற்ற சிம்களுக்குப் பாறை மேல் ஏறி நிற்க வேண்டும். சந்தை நாளில் குடையை விரித்து இலவசமாக சிம் கொடுக்கும் பையன்களிடம் ‘எங்கள் ஊரில் எடுக்குமா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘எடுக்கும் அண்ணா, கொஞ்சம் மேலே வந்து பேசுங்கள்’ என்பார்கள். எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதியை 2011இல் நாடெங்கும் கொண்டுவந்தீர்கள். நல்ல வசதி. நாங்கள் எங்கே மாறுவது?

ஆகவே எங்கள் கோரிக்கை இது: 30 நாளுக்கு, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும், கூலிக்காரர் கையில் தாங்கும் விலையில் ஒரு ரீசார்ஜ். அதன் விலைக்கு ஆணையமே உச்சவரம்பு கட்ட வேண்டும்.

இதைத்தான் ஏற்கெனவே செய்துவிட்டோமே என்று நீங்கள் சொல்லக்கூடும். 2024 டிசம்பரில் டேட்டா இல்லாத ரீசார்ஜ் ஒன்றாவது வைக்க வேண்டும் என்று விதி செய்தீர்கள். படித்தபோது மகிழ்ந்தேன். அடுத்த மாதமே அந்தத் திட்டங்கள் வந்தன. எப்படி வந்தன? 84 நாளுக்கு ஏறத்தாழ 450 ரூபாய். ஓர் ஆண்டை ஒட்டியவற்றுக்கு 1,700க்கு மேல். மொத்தமாகக் கட்டினால் ஒரு நாளைக்கு இவ்வளவுதானே ஆகிறது என்று வகுத்துக் காட்டுவார்கள். வாரக் கூலி வாங்குபவர் 450 ரூபாயை ஒரே மூச்சில் எடுத்து வைக்க எந்த வாரத்தில் முடியும் என்பதை அந்த வகுத்தல் சொல்லாது. விதியின் எழுத்தை நிறைவேற்றிவிட்டு அதன் உயிரை எடுத்துவிட்டார்கள். நீங்களும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று எழுத வருகிறது. மரியாதைக் குறைவாகப் போய்விடக்கூடாதே என்று, கவனிக்கத் தவறியிருக்கலாம் என்று மாற்றிக்கொள்கிறேன்.

28 நாள் மாதமும் அப்படித்தான். உலகத்துக்கு ஆண்டுக்கு 12 மாதம். ரீசார்ஜுக்கு மட்டும் 13. 30 நாள் திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் நீங்களே ஆணையிட்டீர்கள். ஆனால் என் செல்போன் செயலியில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் வாடிக்கையாளர் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார். இதைப் பற்றியெல்லாம் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று நீங்கள் வெளியிடும் அறிக்கைகளோ ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக, இணையத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கவும் டேட்டா வேண்டும். இவ்வளவு பேசிய பிறகும் நான் கேட்க வந்தது அந்த ஒரு மாத ரீசார்ஜைத்தான்.

அதிகாரம் இல்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். உங்கள் ஆணையத்தை அமைத்த 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11(2) பிரிவு கட்டணத்தை ஆணையிட்டு அறிவிக்கும் அதிகாரத்தை உங்களுக்குத் தருகிறது. ஒரே மாதிரியான சேவைக்கு வெவ்வேறு வகையினருக்கு வெவ்வேறு கட்டணம் வைக்கவும் அதே பிரிவு இடம் கொடுக்கிறது. ரோமிங் கட்டணத்தின் உச்சவரம்பை 2015இல் குறைத்தது நீங்கள்தான். ஊர் ஊராகச் சுற்றுபவருக்குச் செய்ததை ஊரை விட்டு நகராதவருக்கும் செய்யலாம்.

இன்னொன்று. வசதி எட்டாத ஊர்களுக்காக அரசு வைத்திருக்கும் டிஜிட்டல் பாரத் நிதியில் கட்டிய டவர்களில் வேறு நிறுவனத்தின் சிம்மும் வேலை செய்யும் ஏற்பாட்டைத் தொலைத்தொடர்புத் துறை 2025 ஜனவரியில் தொடங்கியது. புயல், வெள்ளம் என்றால் மற்ற டவர்களையும் இப்படித் திறந்துவிடுகிறார்கள். வழி இருக்கிறது என்று அப்போது தெரிகிறது. ஒரே டவர் உள்ள மலையூர்களில் அதை நிரந்தரமாக்கும்படி துறைக்கு நீங்கள் பரிந்துரைத்தால், போட்டி என்ற சொல்லை நாங்களும் ஒருமுறை பயன்படுத்திப் பார்ப்போம்.

டவர் விஷயத்துக்குக் காலம் பிடிக்கும் என்பது தெரியும். ரீசார்ஜுக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. ஓர் ஆணை போதும். 30 நாள், பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும், உச்சவரம்போடு. அந்த ஆணையின் வரைவைத் தயாரிக்கும்போது தமிழிலும் அச்சிட்டு எங்கள் ஊராட்சி அலுவலகங்களுக்குத் தபாலில் அனுப்பிவைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கருத்துகளைத் தபாலிலேயே எழுதி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.